காதலைப் பற்றிய சில பிராந்திகள்

சோதிடம், வைத்தியம், அரசியல் ஆகிய மூன்றிலும் அபிப்பிராயம் சொல்லாதவர் நம் நாட்டில் இல்லை என்பார்கள்; நான்காவதாகக் காதலையும் சேர்த்துக்கொண்டால் பட்டியல் பூர்த்தியாகும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களும் கல்லூரி வாசலில் தேநீர் அருந்தும் பிள்ளைகளும் ஒத்துப்போகாத விஷயங்கள் எத்தனையோ இருக்க, காதல் என்பது ஒரு கணத்தில் நேர்ந்து அப்போதே முழுமையடைந்துவிடுகிற சம்பவம் என்ற நம்பிக்கையில் மட்டும் இரு தரப்பாரும் ஒன்றுபட்டு நிற்கிறார்கள். பிள்ளைகள் அந்தச் சம்பவத்துக்குக் காத்திருக்கிறார்கள், பெரியவர்கள் அதற்கு அஞ்சுகிறார்கள், பேதம் அவ்வளவுதான். காதலைப் பற்றி நாம் கொண்டிருக்கும் மற்றப் பிராந்திகளில் பெரும்பாலானவை, தொடக்கத்தையே முழுமை என்று எண்ணும் இந்த ஒரு பிராந்தியின் சந்ததிகள் என்பது என் கருத்து.

இது நேற்றுச் சினிமாக் கொட்டகையில் பிறந்த நம்பிக்கையன்று. பிளேட்டோ கி.மு. நான்காம் நூற்றாண்டில் எழுதிய 'விருந்து' என்னும் உரையாடலில், ஆதியில் மனிதர் நான்கு கைகளும் நான்கு கால்களும் இரண்டு முகங்களும் உடையவராய் இருந்தனர் என்றும், அவர்களுடைய அகந்தையைக் கண்ட சீயஸ் தேவன் ஒவ்வொருவரையும் இரண்டாகப் பிளந்துவிட்டான் என்றும், அன்று முதல் ஒவ்வொரு பாதியும் தன் மறுபாதியைத் தேடி அலைவதே காதல் என்றும் அரிஸ்டோபனீஸ் ஒரு கதை சொல்லுகிறார். சொன்னவர் ஹாஸ்ய நாடகாசிரியர் என்பதை மறந்துவிட்டு, கதையை மட்டும் உலகம் சத்தியமாக எடுத்துக்கொண்டது. நம் தொல்காப்பியரும், தலைவனும் தலைவியும் எதிர்ப்படுவது ஊழின் ஆணையால் என்றே களவியலைத் தொடங்குகிறார். ஆயினும் அதோடு நில்லாமல், அவ்விருவருக்கும் இருக்கவேண்டிய ஒப்புகள் பத்து என்று மெய்ப்பாட்டியலில் வகுத்து, குடி, வயது, வடிவு, செல்வம் முதலியவற்றோடு நிறையையும் அருளையும் உணர்வையும் சேர்த்தே எண்ணுகிறார். (நம் கல்யாணத் தரகர்கள் முதல் வகையை மட்டும் பத்திரமாகக் காப்பாற்றிக்கொண்டு, மற்றதைப் பரணில் ஏற்றிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.)

எதிரெதிர் ஸ்வபாவங்களே ஒன்றையொன்று கவரும் என்ற வசனம், காந்தத்தைப் பொறுத்த மட்டில் உண்மை. மனிதர் விஷயத்தில் அதை நிலைநாட்ட 1950-களில் ராபர்ட் விஞ்ச் என்ற அமெரிக்க சமூகவியலார் முயன்றார். பின்வந்தவர்கள் சோதித்துப் பார்த்தபோது அது தேறவில்லை. ஒத்த வயது, ஒத்த கல்வி, ஒத்த கொள்கை உடையவர்களே பெரும்பாலும் ஜோடி சேர்கிறார்கள். அதைவிடச் சாதாரணமான காரணம் ஒன்றும் உண்டு. 1930-களின் தொடக்கத்தில் பிலடெல்பியா நகரில் விவாக அனுமதி பெற்ற 5,000 ஜோடிகளின் விலாசங்களை ஜேம்ஸ் போஸார்ட் என்பவர் ஒப்பிட்டுப் பார்க்க, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் ஒருவருக்கொருவர் ஐந்து தெருக்களுக்குள்ளேயே குடியிருந்தவர்கள் என்று தெரியவந்தது. உலகெங்கும் தேடவேண்டிய அந்த மறுபாதி இத்தனை பேருக்கு அடுத்த தெருவிலேயே அகப்பட்டது விந்தைதான்!

கண்டவுடன் நெஞ்சு படபடத்தால் அதுவே காதலின் முத்திரை என்ற எண்ணத்தைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும். கனடாவில் வடவான்கூவரை ஒட்டிக் கபிலானோ ஆற்றின் மேல், ஏறத்தாழ 70 மீட்டர் உயரத்தில், நடக்க நடக்க ஊசலாடும் தொங்குபாலம் ஒன்று இருக்கிறது. டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரன் என்ற இரு மனோதத்துவ அறிஞர்கள், தனியாக அதைக் கடந்துவந்த வாலிபர்களிடம் ஓர் இளம்பெண்ணை அனுப்பிச் சில கேள்விகளைக் கேட்கச் செய்து, மேற்கொண்டு விவரம் வேண்டுமானால் கூப்பிடலாம் என்று தொலைபேசி எண்ணையும் கொடுக்கச் சொன்னார்கள். அருகிலே தாழ்வாகவும் உறுதியாகவும் இருந்த மற்றொரு பாலத்திலும் அவ்வாறே செய்தார்கள். 1974-ல் வெளியான அவர்களுடைய கட்டுரையின்படி, எண்ணைப் பெற்றுக்கொண்டவர்களில், ஆடும் பாலத்தைக் கடந்த 18 பேரில் 9 பேர் அவளைக் கூப்பிட்டார்கள்; ஆடாத பாலத்தைக் கடந்த 16 பேரில் 2 பேர் மட்டுமே கூப்பிட்டார்கள். பள்ளத்தாக்கைக் கண்டு பயந்ததால் எழுந்த படபடப்பை அந்தப் பெண்ணால் வந்ததென்று வாலிப உள்ளம் மயங்கிக் கணக்கெழுதிவிட்டது என்பது அவர்கள் முடிவு. சிறிய சோதனைதான், அதன்மேல் பெரிய மாளிகை கட்டக் கூடாது. என்றாலும், பரீட்சை மண்டபத்திலும் திருவிழா நெரிசலிலும் இரவுப் பேருந்திலும் உதித்த எத்தனை காதல்களில் பாலத்தின் பங்கு எவ்வளவு என்று யோசித்துப் பார்க்கத் தடையில்லை.

முதல் பார்வையிலேயே நிச்சயமாகிவிட்டது என்று ஒருவன் நம்பிவிட்டால், மற்றவளுடைய மறுப்பு அவனுக்கு மறுப்பாகத் தோன்றாமல் தாமதமாகவே தோன்றுகிறது. பின்தொடர்ந்துகொண்டே இருந்தால் பெண் மனம் ஒருநாள் இசைந்துவிடும் என்று நம் திரைப்படங்கள் பல தலைமுறைகளாகப் பாடம் நடத்திவந்திருக்கின்றன. பழந்தமிழ் இலக்கணம் இவ்வளவு தாராளமாக இருக்கவில்லை. ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், மடலேறுதல் முதலாக வரம்பு மீறியவற்றைப் பெருந்திணை என்றும் பிரித்து, இரண்டையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தியது. இன்றைய சட்டமோ இன்னும் கண்டிப்பானது: விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பின்னும் அவளைத் தொடர்ந்து செல்வதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு குற்றமாக்கி, முதல் முறைக்கே மூன்றாண்டுவரை சிறைவாசம் விதிக்க இடமளிக்கிறது.

இனி, உண்மையான அன்பு இருந்தால் வாய்திறந்து சொல்லாமலே மனம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை. "புழுக்கமா இருக்குல்ல?" என்று மனைவி சொன்னால், அது மின்விசிறியைப் போடச் சொல்வதா, மாடிக்குப் போகலாம் என்பதா, அல்லது பேச்சை ஆரம்பிக்க ஒரு சாக்கா என்பது கணவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்று இருவருமே எதிர்பார்க்கிறார்கள். கென்னத் சவிட்ஸ்கி முதலியோர் 2011-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தம்பதிகளை முதுகோடு முதுகாக உட்காரவைத்து, இரட்டைப் பொருள்படும் இத்தகைய வாக்கியங்களைச் சொல்லச் செய்தார்கள். கேட்டவர் சொன்னவரின் கருத்தை ஊகித்ததில், கட்டிய துணைக்கும் முன்பின் அறியாத அந்நியருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தன் கருத்து துணைக்கு விளங்கிவிட்டது என்ற மிதமிஞ்சிய நம்பிக்கை மாத்திரம் தம்பதிகளிடம் அதிகமாக இருந்தது. ஆகவே, பழகப் பழக விளக்கிச் சொல்லும் சிரத்தை குறைந்துபோவதற்குக் காரணம் அன்பின் குறைவு என்று பயப்பட வேண்டியதில்லை. விளங்கியிருக்கும் என்ற அந்த நம்பிக்கையே போதுமானது.

சண்டை வந்துவிட்டால் காதல் போய்விட்டது என்று கலங்குகிறவர்களுக்கு நம் இலக்கியமே தக்க பதில் வைத்திருக்கிறது. மருதத்திணையின் உரிப்பொருள் ஊடல்; திருக்குறளின் 133 அதிகாரங்களில் கடைசியானது ஊடலுவகை. சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் சர்வகலாசாலையில் தம்பதிகளின் உரையாடல்களைப் படம்பிடித்தும் இருதயத் துடிப்பை அளந்தும் நெடுங்காலம் ஆராய்ந்த ஜான் காட்மன், அவர்களுக்குள் எழும் பிணக்குகளில் நூற்றுக்கு 69 ஒருபோதும் தீராதவை என்று கணக்கிட்டார். பணத்தைச் செலவிடுவது எப்படி, மாமியார் வீட்டுக்கு எத்தனை நாள் போவது, குழந்தையை எவ்வளவு கண்டிப்பது என்பன போன்ற தகராறுகள் சுகமாக வாழ்கிற வீட்டிலும் இருபது ஆண்டுகளாக அப்படியே இருக்கின்றன. முறிவை முன்கூட்டிக் காட்டும் அறிகுறிகளில் அவர் முதன்மையாகக் கண்டது ஏளனம்: கண்ணைச் சுழற்றுவது, பேச்சைப் பரிகசிப்பது, மற்றவரைத் தாழ்ந்தவராக நடத்துவது. 1998-ல் வெளிவந்த வேறொரு ஆராய்ச்சி, இருவர் பொருத்தம் விதிப்படியே அமையும் என்று நம்புகிறவர்கள், தொடக்கத்தில் சிறிது அதிருப்தி ஏற்பட்டாலும் உறவைச் சீக்கிரமாகக் கைவிட்டுவிடுகிறார்கள் என்று காட்டியது. பிளேட்டோவின் ஹாஸ்யத்துக்கு இவ்வளவு தூரம் விலை கொடுக்கவேண்டியிருக்கிறது.

காதல் கல்யாணமா, பெரியோர் நிச்சயித்த கல்யாணமா, எது நிலைக்கும் என்ற பட்டிமன்றத்தில் இரு கட்சியாரும் ஆதாரம் காட்டலாம். 1982-ல் உஷா குப்தா, புஷ்பா சிங் ஆகிய இருவரும் ஜெய்ப்பூரில் 50 தம்பதிகளை ஆராய்ந்து, காதலித்து மணந்தோரிடம் ஆரம்பத்தில் உயர்ந்திருந்த அன்பு ஐந்தாண்டுக்குப் பின் தணிவதையும், பெற்றோர் பார்த்து மணமுடித்தோரிடம் அது வளர்வதையும் எழுதினார்கள். அந்தக் கட்டுரையைப் பெரியவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். சீனாவின் செங்டு நகரில் சுமார் 600 பெண்களை விசாரித்து 1990-ல் ஷு ஷியாஹெ, மார்ட்டின் வைட் இருவரும் வெளியிட்ட ஆராய்ச்சியோ, தாமே தேர்ந்து மணந்த பெண்களே எத்தனை ஆண்டு சென்ற பிறகும் அதிகத் திருப்தியோடு இருந்ததாகக் கூறிற்று. இதைப் பெரியவர்கள் மேற்கோள் காட்டுவதில்லை. 50 தம்பதிகளைக் கொண்டு ஒரு தேசத்துக்கே தீர்ப்பெழுதுவது பேதைமை. அன்றியும் இன்று, பெரியோர் பார்த்த பெண்ணும் பிள்ளையும் நிச்சயதார்த்தத்துக்கும் முகூர்த்தத்துக்கும் இடைப்பட்ட மாதங்களில் நள்ளிரவுவரை கைப்பேசியில் பேசிப் பேசிக் காதலிக்கிறார்கள். காதலித்தவர்களோ இரு வீட்டாரையும் சம்மதிக்க வைத்து, ஜாதகமும் பார்த்து, குலதெய்வத்தின் பெயரோடு பத்திரிகை அச்சிடுகிறார்கள். ஜெய்ப்பூர் அம்மையார் இருவரும் இன்று மறுபடி கணக்கெடுக்கப் புறப்பட்டால், எந்தத் தம்பதியை எந்தப் பட்டியலில் எழுதுவது என்பதிலேயே பாதி நாள் போய்விடும்.