தந்தையார் விட்டுச்சென்ற வண்டியும் அதன் பின்புற ஷாக் அப்சார்பரும்

ஷாக் அப்சார்பர் என்னும் பெயரை அதிர்வுதாங்கி என்று தமிழாக்குவது வழக்கமாகிவிட்டது. மொழிபெயர்ப்பில் குற்றமில்லை, குற்றம் மூலப் பெயரிலேயே இருக்கிறது. சக்கரம் பள்ளத்தில் விழும்போது எழும் அதிர்ச்சியை ஏற்பது வில்லேயன்றி இக்கருவி அன்று. ஒரு முறை அழுந்திய வில் உடனே அடங்குவதில்லை. ஊஞ்சலைப் போல மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதே இதன் தொழில். பிரிட்டானியப் பொறியியலார் இதனை டாம்பர் என்று அழைப்பது இதுபற்றியே. அலைவு தணிப்பான் என்பது பொருத்தமான தமிழாகலாம். ஆயினும் கடைவீதியில் அப்படிக் கேட்டால் எவரும் எடுத்துத் தரமாட்டார். ஷாக் என்ற ஒற்றைச் சொல்லே அங்குச் செல்லும்.

எண்ணெய் நிரம்பிய குழாயொன்றினுள் ஒரு பிஸ்டன். அதில் நுண்ணிய துளைகள். வண்டி ஆடும்போது எண்ணெய் அத்துளைகளின் வழியே நெருக்குண்டு பாய, ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. தண்டு வெளிவரும் இடத்திலுள்ள அடைப்பு வளையம் தேய்ந்து எண்ணெய் கசிந்துவிட்டால், எஞ்சுவது வெறுங்குழாயே. இக்கேடு ஒரே நாளில் நேர்வதன்று. சிறுகச் சிறுக வருவதால், ஓட்டுகிறவர் அதற்குப் பழகிப்போகிறார். ஆனால் துள்ளும் சக்கரம் தரையை விட்டு எழும் கணத்தில் அதற்குப் பிடிப்பும் இல்லை, பிரேக்கும் இல்லை. ஓசூர்ச் சாலையில் மழைநாளில் பின்பாகம் ஒருபுறமாக நழுவத் தொடங்கிய பின் இதை உணர்வதால் என்ன பயன்?

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஊரிலிருந்து வந்த பழைய வண்டியொன்று இருக்கக் காணலாம். பெரும்பாலும் அது பம்பாய்க் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் செய்த பியட் அல்லது பத்மினியாக இருக்கும். அல்லது 2014 வரை உத்தரபாராவில் உருவான அம்பாஸிடராக இருக்கும். அரிதாக, 1961-இல் சென்னையில் உருவாகத் தொடங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டாகவும் இருக்கலாம். வண்டியைத் தொடுமுன் அதன் பத்திரங்களைக் கவனித்தல் நன்று. உரிமையாளர் இறந்தால், வாரிசு 30 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்கு அறிவித்து, மூன்று மாதங்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு 31-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருப்பவர் அம்மாநிலத்துப் புதிய எண்ணையும் பெறவேண்டும். ஐம்பதாண்டு கடந்த வண்டிகளுக்காக 2021-இல் ஏற்பட்ட தனிப் பதிவு வரிசை கவர்ச்சியானதே. ஆனால் அதில் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டலாகாது.

பழுதை அறிவது எப்படி? வண்டியின் பின்மூலையைக் கையால் அழுத்திவிட்டு, எத்தனை முறை ஆடுகிறதென்று பார்ப்பது பரவலான சோதனை. பழைய வண்டிகளில் இதை முழுதும் நம்புதல் கூடாது. பின்புறம் அடுக்குப் பட்டைகளாலான வில் இருப்பதால், துருப்பிடித்த பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்தே ஆட்டத்தை ஓரளவு அடக்கிவிடும். செத்த ஷாக்கும் உயிருள்ளது போலத் தோன்றும். குழாயின் மேல் எண்ணெய் வழிந்து புழுதி படிந்த கறை, டயரில் திட்டுத்திட்டான தேய்மானம், வேகத்தடையைக் கடந்த பின்னும் ஓயாத பின்பாக ஆட்டம் ஆகியவையே நம்பத்தக்க அடையாளங்கள்.

உதிரிப்பாகத்துக்குச் செல்லவேண்டிய இடம், டவுன் ஹாலிலிருந்து மினர்வா வட்டம் நோக்கிச் செல்லும் ஜே.சி. ரோடு. வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்குவது போதாது. கழற்றிய பழையதைக் கையோடு கொண்டு செல்க. முழுதும் நீட்டிய நீளம், முழுதும் அழுத்திய நீளம், முனையிலுள்ளது வளையமா தண்டா, புஷ்ஷின் துளை அளவு ஆகிய நான்கும் ஒத்திருக்க வேண்டும். அழுத்திய நீளம் மிகுந்திருந்தால், பெரும்பள்ளத்தில் வில் அடங்குமுன் ஷாக் முட்டி உடையும். நீட்டிய நீளம் குறைந்திருந்தால், ஆக்ஸிலின் எடை அதில் தொங்கும். இரண்டையும் ஒருங்கே மாற்றுக; ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருப்பது, இரண்டும் பழையதாக இருப்பதினும் தீது. தொடக்க கால அம்பாஸிடர்களில் குழாய்க்கு மாறாக நெம்புகோல் வகை இருக்கக் கூடும். அதனை எறிந்துவிடாமல், அடைப்பு வளையம் மாற்றி எண்ணெய் நிரப்பிச் சீர்செய்வதே மேல்.

கடையில் படுத்துக் கிடந்த புதிய எண்ணெய் ஷாக்கினுள் காற்று புகுந்திருக்கும். அதை நிமிர்த்திப் பிடித்து மெல்ல நீட்டி, தலைகீழாகத் திருப்பி அழுத்துக. நான்கைந்து முறை இவ்வாறு செய்தபின், வெற்றிடம் இன்றி ஒரே சீராக இழுவை தெரியும். அதன்பின் பொருத்தும்வரை அதைப் படுக்கவைத்தலாகாது.

வேலை நாளுக்கு முந்தைய இரவே துருவேறிய நட்டுகளைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து மண்ணெண்ணெயில் ஊறவைத்தல் நலம். சமதளத்தில் முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கியபின் வண்டிக்கு உறுதியான ஸ்டாண்டு வைக்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் எவரும் புகலாகாது. அதில் விட்டுக்கொடுப்பே கூடாது. ஆக்ஸிலுக்கும் தனியே தாங்கல் தேவை. ஹெரால்டில் இது மிக முக்கியம். அதன் பின்சக்கரங்கள் தனித்தனியே அசைவன. சக்கரம் அளவுக்கு மீறிக் கீழே தொங்காமல் தடுப்பதே ஷாக்தான். தாங்கலின்றிக் கீழ்ப்போல்ட்டை உருவினால் சக்கரம் தொபீரென இறங்கி மூட்டுகள் வருந்தும்.

ரப்பர் புஷ்ஷுக்கு எண்ணெயோ கிரீஸோ இடுதல் கூடாது, ரப்பர் உப்பிக் கெடும். சோப்பு நீர் போதும். வளைய முனைகளில் நட்டுகளை முதலில் தளர்வாகவே பூட்டி, வண்டியைச் சக்கரங்களில் இறக்கி, அதன் எடை வில்லில் ஏறியபின் இறுக்குக. தொங்கும் நிலையில் இறுக்கிய புஷ், வண்டியை இறக்கியதும் முறுக்குண்டு நின்று விரைவில் கிழியும். தண்டு முனையிலோ, ரப்பர் சற்றே பிதுங்கி வாஷரின் விளிம்பளவுக்கு வந்தால் போதும். அதற்குமேல் வலிவு காட்ட வேண்டாம். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லா நட்டுகளையும் ஸ்பானரால் மீண்டும் ஒருமுறை சோதித்துக் கொள்க.