உழைக்கும் கைகளின் வறட்சியும் மெழுகுக் களிம்பும்

இலங்கையின் உலர் வலயத்துள் அடங்கும் வன்னிப் பெருநிலத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையான மாதங்களிலேயே பொழிந்து ஓய்ந்துவிடுகிறது. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் சோளகம், மத்திய மலைநாட்டைக் கடக்கும்போதே தன் ஈரத்தை இழந்து, கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வவுனியாவுக்கும் வறண்ட காற்றாகவே வந்து சேர்கிறது. அக்காலத்தில் உதடும் குதிக்காலும் வெடிப்பதைப் போலவே கைகளும் வெடிக்கின்றன. ஆயினும் காற்றின் வறட்சி இதன் ஒரு பாதி மட்டுமே. மறுபாதி கைகள் செய்யும் தொழிலிலிருந்து வருவது என்பதால், ஒரே வீட்டில் ஒரே காற்றைச் சுவாசிக்கும் இருவருள் ஒருவரின் கை மென்மையாகவும் மற்றவரின் கை வெடித்துக் குருதி கசிவதாகவும் இருக்க முடிகிறது.

தோலின் வெளிப்புறத்தில் இறந்த கலங்களால் ஆன மிக மெல்லிய படை ஒன்று உண்டு. அக்கலங்களைச் செங்கற்களாகவும், அவற்றுக்கிடையே நிரம்பியிருக்கும் கொழுப்புப் பொருட்களைச் சாந்தாகவும் கொண்டு, இப்படையை ஒரு சுவராக விளக்கியவர் அமெரிக்கத் தோலியல் அறிஞர் பீற்றர் எலியாஸ். உடலின் நீர் ஆவியாகி வெளியேறாமல் காப்பது பெரிதும் அந்தச் சாந்தே. உள்ளங்கையில் வியர்வைச் சுரப்பிகள் நிறைந்திருந்தாலும் எண்ணெய்ச் சுரப்பிகள் அறவே இல்லாமையால், முகமும் தலையும் தாமாகவே பெறும் எண்ணெய்ப் பூச்சு அதற்குக் கிடைப்பதில்லை. எனவே சாந்து ஒருமுறை கரைந்துவிட்டால், அது மீண்டும் உருவாகும் வரை அவ்விடம் காப்பின்றியே கிடக்கிறது.

அதைக் கரைப்பவற்றுள் முதன்மையானது சவர்க்காரம். தோலின் மேற்பரப்பு இயல்பில் சற்று அமிலத்தன்மை உடையது. அதன் பிஎச் அளவு ஏறத்தாழ 5. கட்டிச் சவர்க்காரத்தின் பிஎச் அளவோ 9 முதல் 10 வரை செல்லும் காரத்தன்மை கொண்டது. கல்சியம் மிகுந்த கடினநீர் ஊறும் கிணறுகள் வன்னியில் பல உள்ளன. அந்நீரில் சவர்க்காரம் எளிதில் நுரைக்காததால் கூடுதலாகத் தேய்க்க நேர்வதோடு, கரையாத சவர்க்காரப் படிவும் தோலில் ஒட்டிக்கொள்கிறது. போரினால் 1990இல் நின்றுபோய்ப் பின்னர் மீண்டும் இயங்கத் தொடங்கிய ஆனையிறவு உப்பளத்தில் உப்பு வாருவோர், முல்லைத்தீவுக் கரையில் ஈர வலையிலிருந்து மீன் கழற்றுவோர், காய்ந்த மண்ணோடு பிடுங்கிய கொடியிலிருந்து கச்சான் ஆய்வோர், வயலில் சேறும் பசளையும் படிந்த கையோடு களை பிடுங்குவோர், நாளெல்லாம் சட்டி பானை கழுவுவோர் ஆகிய இவர்கள் அனைவரது கைகளும் வேலையிலோ அதன்பின் கழுவும்போதோ நனைந்து காய்ந்து, மீண்டும் நனைந்து காய்கின்றன. தொடர்ந்து ஈரத்தில் இருப்பது தோலுக்கு நல்லது என எண்ணத் தோன்றும். உண்மையில் நனைந்து ஊதிய மேற்படை ஒவ்வொரு முறை காயும்போதும் முன்னிலும் கூடுதலான நீரை இழக்கிறது.

இந்தச் சேதம் முதலில் கண்ணுக்குத் தெரியும் இடங்களுள் ஒன்று நகத்தின் அடி. விரலின் தோல் மடிப்பு நகத்தைச் சந்திக்கும் விளிம்பிலிருந்து, நகத்தின்மேல் ஒட்டியபடி ஒரு நூலளவு அகலத்துக்கு ஏறி நிற்கும் இறந்த தோல் விளிம்பை நகவிளிம்புத் தோல் எனலாம். மடிப்புக்கும் நகத்துக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை அடைத்து, கீழே நகம் உருவாகும் இடத்துக்குள் நீரும் கிருமியும் புகாமல் தடுப்பது இதுவே. வறட்சியில் இது வெளுத்து, நகத்தை விட்டுக் கிளம்பி, ஓரங்களில் சிம்பு சிம்பாகப் பிரிகிறது. அச்சிம்பைப் பல்லால் கடித்தோ இழுத்தோ பிய்க்கும்போது உயிருள்ள தோலும் சேர்ந்து கிழிய, அந்த வழியாகக் கிருமி புகுந்து நகச்சுற்று உண்டாகிறது. கை எந்நேரமும் ஈரத்தில் இருப்பவர்களிடம் இந்த வீக்கம் வாரக்கணக்கில் நீடித்து நகத்தின் வடிவத்தையே மாற்றிவிடுவதும் உண்டு. அழகு நிலையங்களில் இவ்விளிம்பை வெட்டி எடுப்பது வழக்கமாக இருந்தாலும், காப்பு ஒன்றைக் காசு கொடுத்து அகற்றுவதாகவே அதைக் கருத வேண்டும். கிளம்பி நிற்கும் சிம்பை மட்டும் சுத்தமான நகவெட்டியால் அடியோடு ஒட்ட நறுக்கி, எஞ்சியதைக் களிம்பால் மென்மையாக்குவதே போதுமானது. கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றரே வளர்வதால், அடியில் விழுந்த வடு நுனியை அடைந்து மறைய ஆறு மாதம் அளவில் ஆகும்.

களிம்பு தோலுக்கு நீரைக் கொடுப்பதில்லை. ஏற்கெனவே உள்ள நீர் போகாமல் மூடி வைப்பதே அதன் வேலை. இது விளங்கினால் அதை எப்போது பூசுவது என்பதும் விளங்கிவிடும். காய்ந்து சுருங்கிய கையில் பூசுவதால் பெறும் பயன் குறைவு. கையைக் கழுவித் துணியால் ஒற்றியதும், ஈரம் இன்னும் தோலில் இருக்கும்போதே பூச வேண்டும். களிம்புகளில் சேர்பவற்றுள் கிளிசரின், யூரியா போன்றவை நீரை ஈர்த்துப் பிடிப்பவை. தாவர எண்ணெய்கள் செதில்களுக்கு இடையே புகுந்து வழவழப்பாக்குபவை. தேன்மெழுகும் பெற்றோலியம் ஜெலியும் மேலே மூடியாக நிற்பவை. பென்சில்வேனிய எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்தோர், துளையிடும் தண்டுகளில் படிந்த மெழுகை வெட்டுக்காயத்துக்கும் சுட்ட புண்ணுக்கும் பூசி வந்ததைக் கண்டு அதைத் தூய்மையாக்கிய றொபேட் செஸ்பரோ, 1872இல் காப்புரிமை பெற்ற பண்டமே வஸ்லீன். ஆக, அதுவும் உழைப்பாளிகளின் கையிலிருந்து புறப்பட்ட மருந்துதான்.

அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே, கி.பி. 2ஆம் நூற்றாண்டு மருத்துவரான கேலனின் பெயரோடு தேன்மெழுகும் எண்ணெயும் பன்னீரும் சேர்ந்த பூச்சு ஒன்று வழங்கிற்று. சித்த மருத்துவம் வகுக்கும் 32 புறமருந்துகளுள் களிம்பும் ஒன்று. வீடுகளில் புழங்கும் தேங்காய் எண்ணெயின் மதிப்பும் சோதித்து அறியப்பட்டதே: பிலிப்பைன்சில் 34 பேரிடம் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வொன்று, தோல் வறட்சியைத் தணிப்பதில் அது கனிம எண்ணெய்க்கு நிகராகப் பயன்பட்டதைக் காட்டியது.

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 25 பாகை செல்சியசிலேயே உருகிவிடுவதால், வன்னியின் வெயிலில் அது எப்போதும் நீராகவே இருந்து, பூசிய சிறிது நேரத்தில் கையை விட்டு வழிந்தும் துடைபட்டும் போகிறது. 62 பாகைக்கு மேலேயே உருகும் தேன்மெழுகை அதனோடு சேர்ப்பதன் தேவை இதுதான். காட்டுத் தேன் பிழிந்த அடையை வெந்நீரில் இட்டு உருக்கித் துணியில் வடித்தால், ஆறும்போது மெழுகு மேலே கட்டியாகத் திரளும். அதை ஈரமறத் துடைத்து, நிறையளவில் மெழுகு ஒரு பங்குக்கு எண்ணெய் நான்கு பங்கு எடுத்து, கொதிநீர்ச் சட்டிக்குள் வைத்த சிறு பாத்திரத்தில் உருக்க வேண்டும். நேரடி நெருப்பில் வைத்தால் தீப்பற்றக்கூடும். ஒரு துளியைக் குளிர்ந்த தட்டில் விட்டுப் பார்த்து, இளகலாக இருந்தால் மெழுகையும் இறுகலாக இருந்தால் எண்ணெயையும் கூட்டிக்கொள்ளலாம். நீர் கலவாதவரை இது எளிதில் பூஞ்சணம் பிடிக்காது. எலுமிச்சைச் சாறு, மஞ்சள், வாசனை எண்ணெய் ஆகியவற்றை அழகுக்காகச் சேர்ப்பது, வெடித்த தோலில் எரிச்சலையே வளர்க்கும்.

இரவில் படுக்கும் முன் இக்களிம்பை விரல் நுனிகளிலும் நகத்தின் அடியிலும் தேய்த்துப் பருத்திக் கையுறை அணிந்து உறங்குவது மிகுந்த பயன் தரும். பகலில் பாத்திரம் கழுவும்போது அணியும் இறப்பர் கையுறைக்கு உள்ளேயும் பருத்தித் துணி இருந்தால்தான் வியர்வை தோலை ஊறவைக்காது.

இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகப் பூசியும் ஆறாத வெடிப்பு, நீர்க்கொப்புளத்தோடு கூடிய கடும் அரிப்பு, சீழ், நீரிழிவு உள்ளவரின் விரல் வீக்கம் ஆகியவற்றைக் களிம்புக்கு விட்டுவிடக் கூடாது. உணர்ச்சி குன்றிய வறட்சியில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. தொழுநோய் நரம்பைத் தாக்கும்போது வியர்வை நின்று கை காய்கிறது. வலி தெரியாததால் வெடிப்பும் சூடும் கவனிக்கப்படாமல் புண்ணாகின்றன. அந்நோயாளருக்குக் கையை நீரில் ஊறவைத்து, தடித்த தோலை மெல்லத் தேய்த்து, ஈரத்தோடு எண்ணெய் பூசும் முறையே அன்றாடப் பராமரிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. ஆறு முதல் பன்னிரண்டு மாதம் வரை உட்கொள்ளும் கூட்டு மருந்தால் முற்றாகக் குணமாகும் நோய் அது. அம்மருந்து அரச வைத்தியசாலைகளில் இலவசமாகவே வழங்கப்படுகிறது.