எட்டும் ஆறும் பதினெட்டும்: அமெரிக்க ஆளுநர் கணக்கு

1982 நவம்பர் 2, செவ்வாய்க்கிழமை இரவு. லாஸ் ஏஞ்சலஸ் மேயர் டாம் பிராட்லிதான் கலிஃபோர்னியாவின் அடுத்த ஆளுநர் என்று கணிப்புகள் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தன. வாக்குச்சாவடி வாசலில் நின்று வாக்காளர்களிடம் கேட்டு எடுத்த கணிப்பும் அதையே சொன்னது. சான் பிரான்சிஸ்கோ க்ரானிக்கல் நாளிதழ் தன் முதற்பதிப்பில் பிராட்லிக்கு வெற்றி என்று தலைப்பே போட்டுவிட்டது. ஆனால் 78 லட்சம் வாக்குகளை எண்ணி முடித்தபோது, சுமார் 93,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்தவர் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டுக்மேஜியன்.

பிராட்லி கறுப்பினத்தவர். வெள்ளையர் சிலர் கணிப்பாளரிடம் ஒன்று சொல்லிவிட்டு, பெட்டியில் வேறொன்றைப் போட்டார்கள் என்ற விளக்கம் பிறந்தது. 'பிராட்லி விளைவு' என்ற பெயரும் நிலைத்துவிட்டது. அதே தேர்தலில் இன்னொன்றும் நடந்திருந்தது. குடியரசுக் கட்சி தன் ஆதரவாளர்களைத் தேடிப்பிடித்துத் தபால் வாக்கு போட வைத்திருந்தது. தபாலில் வாக்களித்தவர் சாவடிப் பக்கமே வரவில்லை. வராதவரிடம் வாசலில் நின்று கேள்வி கேட்பது எப்படி?

ஆளுநர் தேர்தலைக் கணிக்கிறவர்கள் இன்றும் திரும்பிப் பார்க்கும் இரவு அது. 2026 நவம்பர் 3 அன்று அமெரிக்காவின் 36 மாநிலங்கள் ஆளுநர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. எந்தக் கட்சிக்கு அதிக ஆளுநர்கள் என்ற கேள்வியைச் சுற்றிக் கணிப்பாளர்கள், பேராசிரியர்கள், பந்தயச் சந்தைகள் எல்லாம் கணக்குப் போடுகின்றன.

நம் ஊரில் ஆளுநர் என்றால் டெல்லி நியமிப்பவர். அமெரிக்காவில் அவர் மக்கள் வாக்கில் ஜெயித்து வருபவர். அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்கு இணையானவர். சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவைத் தடுக்கலாம், மாநில பட்ஜெட்டை வடிவமைக்கலாம், ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிகெய்டை விரிக்கவோ சுருக்கவோ முயலலாம். கருக்கலைப்பு உரிமையை மாநிலங்களின் கையில் உச்ச நீதிமன்றம் விட்ட 2022 ஜூனுக்குப் பிறகு, ஒரு பெண்ணுக்கு எந்தச் சிகிச்சை சட்டப்படி கிடைக்கும் என்பதுகூடப் பல மாநிலங்களில் ஆளுநரின் கையெழுத்தைப் பொறுத்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கணிப்பை வெறும் குதிரைப் பந்தயமாகப் பார்க்க முடியாது.

முதலில் கூட்டல் கழித்தல். 2025 நவம்பரில் வர்ஜீனியாவை அபிகெய்ல் ஸ்பான்பர்கர் ஜனநாயகக் கட்சிக்குக் கைப்பற்றித் தந்தபின், குடியரசுக் கட்சிக்கு 26 ஆளுநர்கள், ஜனநாயகக் கட்சிக்கு 24 என்றானது. தேர்தலைச் சந்திக்கும் 36 இடங்கள் ஆளுக்கு 18 என்று சரிபாதி. தேர்தல் இல்லாத 14 மாநிலங்களில் எட்டு குடியரசுக் கட்சியிடம், ஆறு ஜனநாயகக் கட்சியிடம். ஆக, இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டு ஒரே ஒரு மாநிலத்தைக் கூடுதலாகப் பிடித்தால் ஜனநாயகக் கட்சிக்குக் கிடைப்பது 25க்கு 25 என்ற சமநிலை. இரண்டைப் பிடித்தால்தான் முன்னிலை. 36 இடங்களில் அதிகம் வென்றவர் யார் என்று கேட்டால் வரும் விடை ஒன்று. 50 மாநிலங்களில் அதிகம் வைத்திருப்பவர் யார் என்று கேட்டால் வரும் விடை வேறாக இருக்கலாம். 19 இடங்களை வென்றும் நாட்டளவில் முந்த முடியாத கட்சி என்பது இந்தத் தேர்தலில் நடக்கக்கூடிய ஒன்று.

வரலாறு ஜனநாயகக் கட்சி பக்கம் பேசுகிறது. அதிபரின் நான்காண்டுப் பதவிக்காலத்துக்கு நடுவில் வரும் இடைக்காலத் தேர்தலில் அதிபரின் கட்சி அடிவாங்குவது அங்கே வழக்கம். 1994இல் கிளின்டனின் கட்சி பத்து ஆளுநர்களை இழந்தது. 2018இல் டிரம்ப் ஆட்சியில் ஜனநாயகக் கட்சி ஏழு மாநிலங்களைக் கூடுதலாகப் பிடித்தது. ஆனால் 2022இல் பைடன் பதவியில் இருந்தபோதே அவர் கட்சி நிகரமாக இரண்டு இடங்களை ஏற்றிக்கொண்டது. 1986க்குப் பிறகு ஓர் அதிபரின் கட்சிக்கு அப்படி வாய்த்தது அப்போதுதான். அந்தத் தேர்தலில் அரிசோனாவில் அக்கட்சியின் கேட்டி ஹாப்ஸ் வென்றது வெறும் 17,117 வாக்கு வித்தியாசத்தில்.

வழக்கத்தை உடைப்பது பெரும்பாலும் வேட்பாளர்தான். கென்டக்கியை எடுத்துக்கொள்வோம். குடியரசுக் கட்சியின் கோட்டை அது. 2024இல் டிரம்ப் அங்கே சுமார் 30 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். அங்கே 2018இல் ஓய்வூதியச் சட்டத்தை எதிர்த்துப் பள்ளி ஆசிரியர்கள் திரண்டபோது, ஆளுநர் மேட் பெவின் அவர்களைக் கடுஞ்சொல்லால் தாக்கினார். பிறகு மன்னிப்புக் கேட்டும் காயம் ஆறவில்லை. 2019 நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் ஆண்டி பெஷியர் 5,136 வாக்கு வித்தியாசத்தில் அவரைத் தோற்கடித்தார். அதே நாளில், அதே வாக்குச்சீட்டில் இருந்த மற்ற ஐந்து மாநிலப் பதவிகளையும் குடியரசுக் கட்சியே அள்ளியது. மக்கள் ஒரு மனிதரை மட்டும் குறிபார்த்து வெளியே அனுப்பினார்கள். 2023இல் பெஷியர் ஐந்து புள்ளி வித்தியாசத்தில் மீண்டும் வந்தார்.

வெர்மான்ட் இதற்கு நேர் எதிர். 2024இல் கமலா ஹாரிஸுக்கு 60 சதவீதத்துக்கு மேல் அள்ளிக்கொடுத்த மாநிலம், அதே நாளில் குடியரசுக் கட்சியின் ஃபில் ஸ்காட்டுக்கு 70 சதவீதத்துக்கு மேல் கொடுத்தது. ஸ்காட்டின் பெயர் சீட்டில் இருந்தால் அந்த இடம் ஒரு கட்சிக்கு, இல்லாவிட்டால் பெரும்பாலும் மற்றதற்கு. எந்தக் கணினி மாதிரியையும்விட அந்த ஒரு மனிதரின் முடிவு அங்கே கனமானது.

பதவியில் இருப்பவரை வீழ்த்துவது எவ்வளவு அரிது என்பதற்கும் 2022 சான்று. அந்த 36 தேர்தல்களில் தோற்ற நடப்பு ஆளுநர் நெவாடாவின் ஸ்டீவ் சிசோலாக் ஒருவர் மட்டுமே. 2026இன் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மிஷிகன், ஜார்ஜியா, கேன்சஸ் ஆளுநர்கள் பதவி வரம்பை எட்டிவிட்டார்கள். விஸ்கான்சினின் டோனி எவர்ஸும் ஐயோவாவின் கிம் ரெனால்ட்ஸும் தாமாகவே விலகிக்கொண்டார்கள். நாற்காலி காலியானதும் பழைய செல்வாக்கும் சேர்ந்தே கிளம்பிவிடும். ஓஹையோவும் காலி நாற்காலிதான். பாலக்காட்டிலிருந்து குடிபெயர்ந்த தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்த விவேக் ராமசாமி, குடியரசுக் கட்சி வேட்பாளராகும் நோக்கில் 2025 பிப்ரவரியில் அங்கே களமிறங்கினார்.

கருத்துக்கணிப்புகளை எவ்வளவு நம்பலாம்? நியூ ஜெர்சியின் இரண்டு தேர்தல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2021இல் மான்மத் பல்கலைக்கழகத்தின் கடைசிக் கணிப்பு ஜனநாயகக் கட்சியின் ஃபில் மர்ஃபி 11 புள்ளி முன்னிலை என்றது. அவர் தப்பிப் பிழைத்தது சுமார் மூன்று புள்ளியில். கணிப்பை நடத்திய பேட்ரிக் மரி, தவறு தன்னுடையது என்று பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். அந்த நேர்மை இந்தத் துறையில் அடிக்கடி கிடைப்பதில்லை. 2025இல் அதே மாநிலத்தில் அதே கட்சியின் மிக்கி ஷெரிலுக்குப் பெரும்பாலான கணிப்புகள் ஒற்றை இலக்க முன்னிலைதான் கொடுத்தன. அவர் வென்றது ஏறக்குறைய 14 புள்ளியில். ஒருமுறை மேலே போன தராசு அடுத்தமுறை கீழே போனது. போன தடவை இந்தப் பக்கம் பிசகியதால் இந்தத் தடவையும் அப்படியே பிசகும் என்று திருத்திக்கொண்டவர்களுக்கு இரட்டை ஏமாற்றம்.

பிழைகள் கூட்டமாக வருவது இன்னொரு தொல்லை. 2018இல் ஃப்ளோரிடாவில் ஜனநாயகக் கட்சியின் ஆண்ட்ரூ கில்லம் வெல்ல நான்கில் மூன்று பங்குக்கு மேல் வாய்ப்பு என்றது ஃபைவ்தர்ட்டிஎயிட் என்ற கணிப்புத் தளம். 82 லட்சம் வாக்குகளில் 32,463 வித்தியாசத்தில் குடியரசுக் கட்சியின் ரான் டிசான்டிஸ் வென்றார். தேர்தல் இரவில் தோல்வியை ஒப்புக்கொண்ட கில்லம், மறு எண்ணிக்கை நெருங்கியதும் அதைத் திரும்பப் பெற்று, பதினோராம் நாள் மறுபடி ஒப்புக்கொண்டார். அதே நாளில் ஓஹையோவிலும் ஐயோவாவிலும் மெல்லிய முன்னிலை காட்டப்பட்ட ஜனநாயகக் கட்சியினர் தோற்றார்கள். பத்து இழுபறி மாநிலங்களைப் பத்துத் தனி நாணயச் சுண்டல்களாக எண்ணி, ஆளுக்கு ஐந்து என்று பிரித்துவைக்கும் கணிப்பு இப்படித்தான் சரிகிறது. ஒரே காற்று அடித்தால் பத்தும் ஒரே பக்கம் விழலாம்.

மாநிலங்களின் தலையெண்ணிக்கையும் மக்களின் தலையெண்ணிக்கையும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக் கூடாது. கலிஃபோர்னியாவில் ஏறக்குறைய நான்கு கோடிப் பேர். வயோமிங்கில் ஆறு லட்சம்கூட இல்லை. பட்டியலில் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண். 24 மாநிலங்களை மட்டும் வைத்திருக்கும்போதே ஜனநாயகக் கட்சி ஆளுநர்களின் கீழ் அமெரிக்கர்களில் பாதிக்கு மேல் வாழ்கிறார்கள்.

கடைசி வாக்குச்சாவடி அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் மூடும். அப்போது வாஷிங்டனில் புதன் அதிகாலை ஒரு மணி, சென்னையில் முற்பகல் பதினொன்றரை. அங்கும் மைக் டன்லீவி பதவி வரம்பை எட்டிவிட்டதால் நாற்காலி காலி. வாக்காளர்கள் வேட்பாளர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துவார்கள். முதல் விருப்பத்தில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் அடுத்த விருப்பங்களை எண்ண ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். 25க்கு 24 என்ற இடத்தில் மற்ற 49 மாநிலங்கள் வந்து நின்றுவிட்டால், நவம்பர் மூன்றாம் வாரம் வரை அத்தனை கணிப்பாளர்களின் கண்ணும் அந்தப் பனிநாட்டு வாக்குச்சீட்டுகளின் இரண்டாம் கட்டத்தில்தான் இருக்கும்.