பால்மரத்தின் தாயகத்தில் அரும்பொருளகங்கள்



நம் முன்னோர் விடியுமுன் எழுந்து வெட்டிய பால்மரம் இந்நாட்டில் தோன்றிய மரமன்று. அதன் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பெருங்காடு. அக்காட்டின் பெரும்பகுதி பிரேசில் நாட்டில் உள்ளது. அங்குள்ள அரும்பொருளகங்களும் வரலாற்றுச் சின்னங்களும் நம்மைப் போன்ற உழைப்பாளர்களின் கதையையே கூறுகின்றன. ஆதலின் அவற்றைப் பற்றி நாம் அறிந்துகொள்வது நலம்.

மனாவுஸ் நகரின் நாடகமாளிகை

கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், நீக்ரோ ஆற்றங்கரையில் மனாவுஸ் நகரம் அமைந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகெங்கும் மிதிவண்டிச் சக்கரங்களுக்கும், பின்னர் மோட்டார் வண்டிச் சக்கரங்களுக்கும் இரப்பர் தேவைப்பட்டது. அதனால் இந்நகருக்குச் செல்வம் வந்து குவிந்தது. அச்செல்வத்தைக் கொண்டு எழுப்பப்பட்டதே அமேசான் நாடகமாளிகை. அது 1896ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் திறக்கப்பட்டது. இத்தாலியிலிருந்து பளிங்குக் கற்களும் பிரிட்டனிலிருந்து இரும்பும் கப்பலேறி வந்தன. அதன் குவிமாடத்தைப் பிரேசில் கொடியின் வண்ணங்களில் அமைந்த ஓடுகள் அணிசெய்கின்றன. இன்றும் அங்கு இசை நாடகங்கள் அரங்கேறுகின்றன. இதனைக் காண்போர் வியப்படையாமல் திரும்புவதில்லை.

ஆனால், அப்பளிங்கிற்கு விலை கொடுத்தவர் யார்? இதற்கு விடை அம்மாளிகைக்குள் இல்லை. படகேறி ஆற்றுவழியே செல்லவேண்டும்.

பால்வெட்டுக்காரரின் குடிசை

மனாவுஸ் நகருக்கு அருகே, ஓர் ஓடையின் கரையில் 'இரப்பர்க்காட்டு அரும்பொருளகம்' உள்ளது. முதலாளியின் வசதியான இல்லம், பொருள்கள் விற்ற கிடங்கு, பால் புகையூட்டிய குடில், தொழிலாளியின் ஓலைக் குடிசை ஆகியவற்றை அங்கே வரிசையாகக் காணலாம்.

அமேசான் காட்டில் பால்மரங்கள் நம் தோட்டங்களில் உள்ளவை போல் நிரைநிரையாக நிற்பதில்லை. காட்டினுள் ஆங்காங்கே சிதறி நிற்பவை. ஆகவே தொழிலாளி தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருட்டிலேயே புறப்பட்டு, ஒற்றையடிப் பாதையில் மரத்துக்கு மரம் நடந்தார். சேர்த்த பாலை ஒரு கழியின்மீது சிறிது சிறிதாக ஊற்றி, புகையில் காட்டி, பெரிய உருண்டையாக்கினார். அப்புகையிலே கண்ணும் நெஞ்சும் கெட்டன.

வறட்சியால் வாடிய வடகிழக்குப் பிரேசிலிலிருந்து வந்த ஏழைகளே இவர்களில் பெரும்பாலோர். பயணச் செலவு தொடங்கி அரிசி, உப்பு, கத்தி வரை யாவும் முதலாளியின் கிடங்கில் கடனாகவே வழங்கப்பட்டன. கணக்கை எழுதியவர் முதலாளி. எழுதப் படிக்கத் தெரியாதவர் தொழிலாளி. ஆகவே ஆண்டுகள் பல உழைத்தும் கடன் தீரவில்லை.

இவ்வரும்பொருளகம் தோன்றிய வரலாறு சிந்திக்கத்தக்கது. பெர்ரேரா டி காஸ்ட்ரோ என்னும் போர்த்துக்கீசியச் சிறுவர் வறுமையால் பிரேசிலுக்குச் சென்று, ஓர் இரப்பர்க்காட்டில் வேலை செய்தார். பின்னர் எழுத்தாளராகி, தாம் கண்டவற்றை 1930இல் ஒரு நாவலாக எழுதினார். அந்நாவல் திரைப்படமாகி 2002இல் வெளிவந்தது. அப்படத்துக்கென அமைத்த கட்டடங்களே அரும்பொருளகமாயின. அன்று ஒருவர் எழுதி வைத்திராவிடில், இன்று மாளிகை மட்டுமே பேசியிருக்கும், குடிசை ஊமையாகியிருக்கும்.

ஷப்புரியின் மரவீடு

பிரேசிலின் மேற்கெல்லையில் உள்ள ஆக்ரி மாநிலத்தில் ஷப்புரி என்பது ஒரு சிற்றூர். அங்குள்ள ஒரு சிறிய மரவீடு நினைவகமாகப் போற்றப்படுகிறது. அது சிக்கோ மென்டிஸ் என்னும் பால்வெட்டுத் தொழிலாளியின் வீடு. சிறு வயதிலேயே மரம் வெட்டத் தொடங்கிய அவர், பதின்ம வயதில்தான் செய்தித்தாளைக் கொண்டு படிக்கக் கற்றார். பின்பு தொழிலாளர்க்குச் சங்கம் அமைத்தார். காட்டிலே பள்ளிகள் தோன்றத் துணை நின்றார். மாட்டுப் பண்ணைகளுக்காகக் காட்டை அழிக்க வந்தோரை, பெண்களும் பிள்ளைகளும் உடன்வர, ஆயுதமின்றித் தடுத்தார். 1988ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் அவ்வீட்டின் பின்வாயிலில் சுட்டுக்கொல்லப்பட்டார். 1990இல் ஏறத்தாழ 970,000 ஹெக்டர் காடு அவர் பெயரால் காக்கப்பட்டது. மாளிகையினும் இம்மரவீடு சிறியது. ஆயினும் கற்பிக்கும் பாடம் பெரியது.

நம் நாட்டுத் தொடர்பு

1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் அமேசானின் கிளையாறான தபஜோஸ் பகுதியிலிருந்து ஏறக்குறைய 70,000 பால்மர விதைகளை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். அவற்றுள் சில ஆயிரமே முளைத்தன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றின் வழிவந்த மரங்கள் மலாயாவெங்கும் பரவின. அத்தோட்டங்களில் உழைக்க நம் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்தனர். 1913 அளவில் ஆசியத் தோட்ட இரப்பர் அமேசான் காட்டு இரப்பரை விஞ்சியது. மனாவுஸின் செல்வம் மறைந்தது. ஒரு மரம் இரு கண்டங்களின் ஏழைகளுடைய வாழ்வை மாற்றியது.

நம் கடமை

இன்று நம் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயன் வீடுகள் மறைகின்றன. பால்வெட்டுக் கத்தி, மங்கு, பால் வாளி ஆகியவை பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. பெற்றோர்களே, அவற்றை எறிந்துவிடாதீர்கள். நமக்கு அவை அரும்பொருள்களே.

மாணவர்களே, உங்கள் பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த நிரையில் மரம் வெட்டினார், என்ன கூலி பெற்றார் என்பவற்றைக் கேட்டறியுங்கள். கேட்டதை நாளும் பெயரும் குறித்து ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். முதலாளியின் கணக்கேடு ஒன்றே வரலாறாக நின்றுவிடக்கூடாது. உழைத்தவரின் பிள்ளைகளும் எழுதவேண்டும். அதற்காகவே உங்களுக்குக் கல்வி கற்பிக்கப்படுகிறது.