நீளும் பனியும் தேயும் மானும்

வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியை அடுத்த காடுகளில், இரவெல்லாம் பனி பொழிந்து ஓய்ந்த விடியலில் வெண்வால் மான் ஒன்று படுத்திருக்கிறது. அதன் முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடக்கிறது. தோலுக்கடியில் உடல் கொதிப்பாகவே இருக்கிறது. சில விரற்கடை மேலே உறைபனி. இரண்டிற்கும் இடையே நிற்பது மயிர்ப்போர்வை ஒன்றே. காற்றைத் தன்னுள் அடைத்து வைத்த குழல் போன்ற வெளிமயிரும், அதனடியில் நெருங்கி வளர்ந்த மென்மயிரும் உடல்வெப்பத்தைச் சிந்தவிடாமல் காக்கின்றன.

இவ்வளவு சிறந்த போர்வை பெற்ற விலங்கு, கொடிய குளிர்காலங்களில் கூட்டங்கூட்டமாக மடிவது ஏன்? விடை, பனியின் ஆழத்திலும் அது நிலத்தில் கிடக்கும் நாள்களின் எண்ணிக்கையிலும் அடங்கியிருக்கிறது.

இலையுதிர் காலத்தில் ஓக் மரக் கொட்டைகளையும் எஞ்சிய பசுந்தழைகளையும் தின்று மான் கொழுப்பைச் சேர்க்கிறது. பனி மூடியபின் கிடைப்பவை மரங்களின் நுனிக்கொம்புகளும் மொட்டுகளுமே. அவற்றால் வயிறு நிறையுமேயன்றி உடல் தேறாது. ஆகவே மான் உணவையும் நடமாட்டத்தையும் குறைத்துக்கொண்டு, சேமித்த கொழுப்பைச் சிறுகச் சிறுகச் செலவிடுகிறது. உடலெடையில் ஐந்தில் ஒரு பங்கை இழந்தும் நலமான பெண்மான் இளவேனிலைக் கண்டுவிடும். ஆனால் அந்த ஆண்டு பிறந்த குட்டி, உண்டதையெல்லாம் வளர்ச்சிக்கே செலவிட்டுவிட்டதால் அதனிடம் சேமிப்பு மிகக் குறைவு. நவம்பரில் இணைசேரும் பருவத்தில் தீனியை மறந்து போரிட்ட கலைமானும் இளைத்த உடலோடுதான் குளிருக்குள் நுழைகிறது. பஞ்சத்தில் முதலில் வீழ்பவை இவ்விரண்டே.

பனி முழங்காலைத் தாண்டி நெஞ்சைத் தொடும்போது ஒவ்வோர் அடியும் பெருஞ்செலவாகிறது. அப்போது மான்கள் அடர்ந்த ஊசியிலை மரத்தோப்புகளில் ஒதுங்குகின்றன. வெண்தேவதாரு, எம்லாக் ஆகிய மரங்களின் கிளைகள் பனியைத் தாங்கிக்கொள்வதால் தரையில் ஆழம் குறைகிறது; காற்றும் அடங்குகிறது. பல மான்கள் மீண்டும் மீண்டும் நடந்து பனியை மிதித்துப் பாதைகள் அமைக்கின்றன. எனினும் நாள் செல்லச் செல்ல, எட்டும் உயரத்துத் தழையெல்லாம் தீர்ந்துவிடும். பின்னங்காலில் எழும்பிப் பெரிய மான் எட்டிப்பிடிக்கும் கிளை குட்டிக்கு எட்டுவதில்லை. பனியில் புதைந்து தளர்ந்த மானை ஓநாயும் எளிதில் பிடித்துவிடுகிறது.

குளிர்காலத்தின் கொடுமையை எண்ணால் அளக்க மினசோட்டா மாநிலத்தார் ஒரு முறை வகுத்துள்ளனர். பனியின் ஆழம் 38 சென்டிமீட்டரை எட்டும் நாளுக்கு ஒரு புள்ளி. வெப்பநிலை கழித்தல் 18 பாகை செல்சியசை ஒட்டியோ அதற்குக் கீழோ இறங்கும் நாளுக்கு ஒரு புள்ளி. பருவ இறுதியில் கூட்டுத்தொகை 100-க்குள் நின்றால் அது மென்மையான குளிர்காலம். 180-ஐக் கடந்தால் கொடியது. 1996 பிப்ரவரி 2 அன்று அம்மாநிலத்தின் டவர் என்னும் ஊரில் வெப்பநிலை கழித்தல் 51 பாகைக்கு வீழ்ந்தது. அந்தக் குளிர்காலத்தை அடுத்து வந்ததும் கடுமையாகவே இருக்க, வடபகுதி மான்தொகை பெரிதும் சரிந்தது. பின்னர் மென்மையான குளிர்காலங்கள் வாய்க்க, மான்கள் மீண்டும் பெருகின. ஒரு கொடிய ஆண்டைத் தாங்கும் இனத்தை, அடுத்தடுத்து வரும் இரண்டு ஆண்டுகளே உலுக்குகின்றன.

இழப்பு, இறந்த உடல்களோடு முடிவதுமில்லை. பெண்மான் ஏறத்தாழ 200 நாள் கருவைச் சுமக்கிறது. கரு விரைந்து வளர்வது கடைசி மாதங்களில். தாயின் கொழுப்பு தீர்வதும் அப்போதுதான். மிச்சிகனின் குசினோ ஆய்வு நிலையத்தில் லூயி வெர்மி, பெண்மான்களுக்கு வெவ்வேறு அளவில் தீனி அளித்து ஆராய்ந்தார். நன்கு உண்ட தாய்களின் குட்டிகள் பெரும்பாலும் பிழைத்தன; அரைவயிற்றுத் தாய்களின் குட்டிகளோ எடை குன்றிப் பிறந்து, பெரும்பாலும் மாண்டன. சனவரிப் பனியின் தீர்ப்பு சூன் மாதத்துப் பசும்புல்லில் நிறைவேறுகிறது.

பசியால் இறந்ததா என அறிய ஆய்வாளர் தொடையெலும்பை உடைத்துப் பார்ப்பர். நலமான மானின் எலும்பு மச்சை வெண்மையாய், கெட்டியாய் இருக்கும். பட்டினி கிடந்ததில் அது சிவந்து கூழாய்க் கிடக்கும். உடல் தன் கடைசிக் கொழுப்பையும் செலவிட்டுவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

இக்காட்சி கண்டு இரங்குவோர் மக்காச்சோளத்தைக் கொட்டுவதுண்டு. அந்த இரக்கம் மானைக் கொல்லவும் கூடும். அதன் இரைப்பையில் குளிர்காலத்தில் வாழ்பவை, கொம்பையும் பட்டையையும் செரிக்கப் பழகிய நுண்ணுயிரிகள். மாப்பொருள் திடுமெனப் பெருகினால் புளிப்பு மிகுந்து, வயிறு நிறைந்த நிலையிலேயே மான் இறந்துவிடுகிறது.

மானுக்கு நாம் செய்யத்தக்க உதவி அந்த ஊசியிலைத் தோப்புகளைக் காப்பதே. வெண்தேவதாரு மிக மெல்ல வளரும் மரம். அதன் இளங்கன்றுகளை மான்களே விரும்பித் தின்றுவிடுகின்றன. அதனால் வெட்டப்பட்ட தோப்பு எளிதில் திரும்பி வருவதில்லை. இன்று வேலியிட்டுக் காக்கும் ஒரு கன்று, இன்னும் பிறவாத மான்கள் பனிக்கு ஒதுங்கும் நிழலாகும்.