வியர்வைக்கும் நாக்கு உண்டு!

கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை வாசலில் ஒரு காலை நின்று பாருங்கள், தோழர்களே! லேத்துப் பட்டறைத் தோழர் வருகிறார். தையற்கூடத்துச் சகோதரி வருகிறார். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றுத் தந்த உரிமை அது, தருமம் அல்ல! தொழிலாளியின் கூலியில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும், முதலாளியின் பங்காக மூன்றேகால் ரூபாயும் சேர்ந்து நடக்கும் திட்டம் அது.

அங்கே ஊசி குத்தி இரத்தம் எடுக்கிறார்கள். நாளெல்லாம் வழிந்தோடிய வியர்வையை யார் விசாரித்தார்கள்? அதற்கும் நாக்கு உண்டு என்கிறது விஞ்ஞானம்!

2016-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அலி ஜாவேயின் குழு, மணிக்கட்டில் அணியும் பட்டை ஒன்றை உலகுக்குக் காட்டியது. தோலைக் குத்தாமலே, வியர்வையிலுள்ள சோடியம், பொட்டாசியம், குளுக்கோஸ், லாக்டேட் ஆகியவற்றை அளந்தது அது. உப்பின் அளவு மாறினால் மின்னழுத்தம் மாறும். அந்த மாற்றம் கைப்பேசியில் எண்ணாகத் தெரியும். அவ்வளவுதான் சூட்சுமம்!

ஆனால், வியர்வை இரத்தமாகிவிடாது. வியர்வையில் குளுக்கோஸ் மிகச் சொற்பம். சர்க்கரை நோய்க்கு இரத்தப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. நீரும் உப்பும் வற்றுவதை முன்கூட்டி அறியவே இது பெரிதும் உதவக்கூடும்.

இந்தக் கருவி முதலில் யாரைத் தேடிப் போயிற்று? 2021-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த வியர்வைப் பட்டை, விளையாட்டு வீரர்களுக்கானது. ஓடுகிறவன் வியர்வைக்கு மதிப்பு உண்டு. உப்பளத்தில் வாருகிறவன் வியர்வைக்கு இல்லையா? தமிழகத்து உப்பளத் தொழிலாளரை ஆராய்ந்த போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார், கடும் வெப்பத்துக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. மாண்டவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் என்றது. நல்லது! ஆனால், மாண்டபின் வருவது நிவாரணம். மாளாமல் காப்பதன்றோ மருத்துவம்?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நாளை இந்தப் பட்டை நம் தொழிற்கூடங்களுக்கு வந்தால், அதன் கணக்கு யார் கையில் இருக்கும்? "இவன் சீக்கிரம் களைக்கிறான், நிறுத்து" என்று மேஸ்திரி சொல்ல உதவுமானால், அது கைவிலங்கு! "உடல் வற்றுகிறது, நிழலில் உட்கார், தண்ணீர் குடி, கூலி குறையாது" என்று சொல்லுமானால், அது கவசம்!

கருவி வரட்டும், வரவேற்போம். ஆனால், அதற்கு முன்பே தண்ணீரும் நிழலும் கூலியோடு ஓய்வும் வந்தாக வேண்டும். அவற்றைக் கேட்க எந்தக் கருவியும் தேவையில்லை. வியர்வை நம்முடையது; அதன் கணக்கும் நம்முடையதே!