மத்துக் கயிறும் ஹெட்ஃபோனும்

இரவு பத்து மணிக்கு மேல் அடுக்குமாடி வீட்டில் கச்சேரி கேட்க வேண்டுமென்றால் ஹெட்ஃபோனைத் தவிர வேறு வழியில்லை. பேரப்பிள்ளைகள் தூங்க வேண்டும். பக்கத்து வீட்டாரோடு பேச்சுவார்த்தையும் தொடர வேண்டும்! சங்க அன்பர்கள் சிலர், "பேலன்ஸ்டு ஆம்ப்ளிஃபையர் என்கிறார்களே, அது என்ன? வீட்டிலேயே செய்ய முடியுமா?" என்று கேட்கிறார்கள். முடியும். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை.

தயிர் கடையும் மத்துக் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை இழுக்கும்போது மறு கை விட்டுக்கொடுக்கும். பேலன்ஸ்டு என்பது அதுதான். சாதாரண ஹெட்ஃபோனில் காதுக்கு ஒரு கம்பி போகிறது. திரும்பி வரும் வழி இரண்டு காதுக்கும் பொது. பேலன்ஸ்டு முறையில் ஒவ்வொரு காதுக்கும் இரண்டு தனிக் கம்பிகள். ஒன்றில் வோல்டேஜ் ஏறும்போது மற்றதில் அதே அளவு இறங்கும். ஒன்றில் 1 வோல்ட் ஏறி மற்றதில் 1 வோல்ட் இறங்கினால் காதுக்குக் கிடைப்பது 2 வோல்ட்.

ரயில்வேயில் இந்தத் தத்துவம் அன்றாடச் சோறு. 25 கிலோவோல்ட் மின்கம்பிக்குக் கீழே, தண்டவாளத்தை ஒட்டிப் பல கிலோமீட்டர் ஓடும் டெலிபோன் கேபிளில் முறுக்கிய இரட்டைக் கம்பிகள் இருக்கும். இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறும். மறுமுனையில் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் அடிபட்டுப் போகும். இதைக் காட்டித்தான் பேலன்ஸ்டு ஹெட்ஃபோனையும் விற்கிறார்கள். ஆனால் ஒன்றரை மீட்டர் ஹெட்ஃபோன் ஒயரில் அப்படியொன்றும் இரைச்சல் ஏறிவிடாது. நமக்கு உண்மையில் கிடைப்பவை இரண்டுதான். பொது வழி இல்லாததால் இடது காதின் ஒலி வலது காதில் கசிவது குறையும். அதே பேட்டரியில் இரு மடங்கு வோல்டேஜ் கிடைக்கும், ஐ.சி. அவ்வளவு கரண்ட் தரும்வரை நான்கு மடங்கு பவர்.

செய்முறை

காதுக்கு ஒன்றாக இரண்டு என்.இ.5532 ஐ.சி. போதும். ஒவ்வொன்றிலும் இரண்டு ஆப்-ஆம்ப் உண்டு. முதலாவது, வால்யூம் கன்ட்ரோலிலிருந்து வருவதை அப்படியே வெளியே தரும். இரண்டாவது, முதலாவதின் அவுட்புட்டை வாங்கித் தலைகீழாக்கித் தரும். இதற்கு 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டு. இங்கேதான் 'பேலன்ஸ்' இருக்கிறது. 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களில் பத்து வாங்கி, மல்டிமீட்டரில் அளந்து, ஒத்துப்போகும் ஜோடியைப் பொறுக்குங்கள். ஜாதகம் பார்ப்பதைவிட இது சுலபம்.

வால்யூமுக்கு 10 கிலோ ஓம் இரட்டை லாக் கன்ட்ரோல். நான்கு அவுட்புட்டுகளிலும் தலா 22 ஓம் ரெசிஸ்டர். ஒவ்வொரு ஐ.சி.யின் சப்ளைக் கால்களுக்கு அருகிலும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். கரண்டுக்கு இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள். இரண்டும் சேரும் நடுப்புள்ளிதான் கிரவுண்ட். 230 வோல்ட் பக்கமே போக வேண்டாம். நல்ல ஆல்கலைன் பேட்டரி இருபது மணி நேரத்துக்கு மேல் வரும். ஸ்விட்ச், இரு பேட்டரிகளையும் ஒருசேர இணைக்கும் டபுள் போல் வகையாக இருக்கட்டும். ஒன்று மட்டும் இணைந்தால் ஹெட்ஃபோனுக்குள் டி.சி. புகும்.

இந்த அமைப்பு 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு ஏற்றது. ஒவ்வொரு ஆப்-ஆம்ப்பும் ஹெட்ஃபோனின் பாதி ஓமைத்தான் சுமையாகக் காணும். ஆகவே 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு இன்னும் கரண்ட் தரக்கூடிய சர்க்யூட் வேண்டும்.

சாமான்களுக்கு டெல்லியில் லஜ்பத் ராய் மார்க்கெட், மும்பையில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு.

கவனம்

ஹெட்ஃபோன் ஒயரில் நான்கு கால் எக்ஸ்.எல்.ஆர். பிளக் போடுங்கள். 1, 2 இடது காதின் பிளஸ், மைனஸ். 3, 4 வலது காதின் பிளஸ், மைனஸ். பழைய மூன்று தொடர்பு பிளக்கை இதில் எந்த அடாப்டர் வைத்தும் செருகக் கூடாது. அது இரு மைனஸையும் ஒன்றாக இணைத்து, இரண்டு அவுட்புட்டுகளை மோதவிடும்.

ஹெட்ஃபோனை மாட்டுமுன் ஒவ்வொரு பிளஸ், மைனஸ் ஜோடிக்கும் இடையே டி.சி. வோல்டேஜை அளங்கள். சில மில்லிவோல்ட் இருக்கலாம். 50 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் மாட்டாதீர்கள்; சால்டரிங்கைத் தேடிப் பாருங்கள். மாட்டியபின் பாடகரின் குரல் நெற்றிக்கு நடுவே கேட்க வேண்டும். எங்கோ கரைந்தாற்போல் கேட்டால், ஒரு காதில் பிளஸும் மைனஸும் இடம் மாறியிருக்கின்றன.

இனி முக்கியமான விஷயம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வெளியிட்ட தரக்குறிப்பு, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்று எல்லை வகுக்கிறது. குழந்தைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல்தான். ஒலி 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். வோல்டேஜ் இரட்டித்தால் 6 டெசிபல் கூடும். அதாவது வால்யூம் குமிழ் பழைய இடத்திலேயே இருந்தால் 40 மணி நேரம் 10 மணி நேரமாகிவிடும்! ஒலி தெளிவாக இருப்பதால் அதிகம் என்று காதுக்கு உறைக்காது. போன செவி திரும்புவதில்லை.

ஆகவே பெட்டி தயாரானதும், குமிழை முழுக்கக் குறைத்து வைத்துவிட்டு மெதுவாக ஏற்றுங்கள். பக்கத்திலிருப்பவர் சாதாரணமாகப் பேசுவது காதில் விழும் இடத்தில் நிறுத்தி, அங்கே நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். அதைத் தாண்டித் திருகினால்தான் கேட்கிறது என்ற நிலை வந்தால், பழுது ஆம்ப்ளிஃபையரில் அல்ல. காது டாக்டரைப் பாருங்கள்.

வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் ரெசிஸ்டர் பொறுக்கும் வேலையை அவனிடமோ அவளிடமோ கொடுங்கள். ஓம் விதி அன்றைக்கே மனதில் பதிந்துவிடும்; சிவப்புப் புள்ளி எதற்கென்றும் நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டியிராது.